களிமண் நிலத்தில் பண்ணைக் குட்டை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் கார்த்திகை மாதத்தில் பயணம் செய்பவர், சாலையின் இரு மருங்கிலும் வயல்கள் நீர் நிறைந்து நிற்பதைக் காண்பர். அதே சாலையில் வைகாசி மாதத்தில் செல்பவர், அவ்வயல்களிலேயே மண் பாளம் பாளமாக வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடப்பதைக் காண்பர். ஆறு மாத இடைவெளியில் ஒரே நிலம் இவ்விரு கோலங்களையும் காட்டுகிறது. மழையில்லாத சீமை இது என்று சொல்வதற்கில்லை. இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர், அதாவது 40 அங்குல மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவ மழையாக ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள குறுகிய காலத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே, குறை மழையில் இல்லை. வந்த மழையை வைத்திருந்து வேண்டும்போது எடுத்துக் கொள்ள நாம் வகை செய்யாமல் இருப்பதில்தான் உள்ளது.

இக்குறையைத் தனி விவசாயி தம் நிலத்திலேயே ஓரளவு நீக்கிக் கொள்ள உதவுவது பண்ணைக் குட்டையாகும். நிலத்தின் தாழ்வான மூலையில் ஒரு குழி வெட்டி, அந்நிலத்தில் விழும் மழைநீரை அதில் சேர்த்து, மழை ஓய்ந்தபின் பயிருக்கு இறைப்பதே இதன் கருத்து. களிமண் நிலத்தில் இவ்வேலை மிக எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். நீர் தானே நிற்கும், குழி வெட்டினால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அது பாதி உண்மைதான். களிமண் நீரைத் தாங்கும் என்பது மெய்யே. ஆயினும் காய்ந்தால் வெடிப்பதும், ஊறினால் சரிவதும், மிஞ்சிய நீர் ஏறிப் பாய்ந்தால் அறுத்துக் கொண்டு போவதும் அதே களிமண்தான். எனவே, களிமண் நிலத்துக் குட்டையில் நீரைத் தேக்குவதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, அவ்வளவு கவனம் மிகை நீரை விடுவதற்கும் வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரியும் குட்டையும்

நீரைத் தேக்கி ஆள்வது நம் மக்களுக்குப் புதிய கலையன்று. திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஊரின் நீர்நிலையைப் பேணுவதற்கென்றே உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்தனர் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தியாகும். ஏரிக்குக் கரை, மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் என்னும் நான்கு உறுப்புகள் உண்டு என்பதை நம் கிராமத்துச் சிறுவரும் அறிவர்.

பண்ணைக் குட்டை ஏரியின் சிறு வடிவமே. ஏரி ஊருக்குப் பொது. குட்டை நிலத்துக்குரியவருக்குச் சொந்தம். ஆனால் ஏரிக்குரிய உறுப்புகள் குட்டைக்கும் வேண்டும். நீர் வருவதற்கு ஒரு வழி, நிற்பதற்குத் தகுந்த குழி, மிஞ்சியது போவதற்கு ஒரு வழி ஆகிய மூன்றும் இல்லாதது குட்டை ஆகாது. வெறும் பள்ளமே ஆகும். கரையும் கலங்கலும் இல்லாமல் ஏரி கட்ட எவரும் துணியார். குட்டை என்றால் மட்டும் கலங்கலை மறந்துவிடுகிறோம்.

மண்ணை அறிதல்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே ஊரில் இரண்டு மூன்று வகை மண் அடுத்தடுத்துக் காணப்படுவது உண்டு. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளின் அடிவாரத்தில் சரளை கலந்த செம்மண். ஆற்றோரங்களிலும் ஏரிகளின் ஆயக்கட்டிலும் களியும் வண்டலும். மரக்காணத்தை ஒட்டிய கடற்கரைப் பக்கத்தில் மணலும் உவரும் என்றவாறு மண் மாறிக் கொண்டே போகும். மேலே ஒன்றரை அடி களி இருந்து, அதன்கீழ் சரளை ஓடும் இடங்களும் உண்டு. ஆகையால், மேல் மண்ணைப் பார்த்து முடிவு செய்யலாகாது. குட்டை வெட்ட எண்ணும் இடத்தில் மூன்று நான்கு இடங்களில் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். குட்டையின் அடிமட்டம் எங்கே வரப் போகிறதோ, அதற்கும் கீழே மூன்றடி வரை களி தொடருமாயின் அவ்விடம் சிறந்தது. நடுவில் மணற்கோடோ, சரளைப் படுகையோ, சுக்கான் அடுக்கோ தென்பட்டால் நீர் அவ்வழியே ஒழுகிவிடும்.

மண் களிதானா என்று அறிய ஆய்வுக்கூடம் செல்லும் முன் விவசாயியே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, நாடாச் சோதனை. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவைப் போல் தள்ள வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒடியாமல் நீண்டால் அது நல்ல களி. ஓர் அங்குலத்திலேயே ஒடிந்துவிட்டால் களியின் பங்கு குறைவு என்று கொள்ளலாம்.

இரண்டாவது, குழிச் சோதனை. மூன்றடி ஆழக் குழி ஒன்றில் மாலையில் நீர் நிரப்ப வேண்டும். முதல் நாள் நீரை மண் குடித்துவிடும். மறுநாள் மாலையில் மீண்டும் விளிம்பு வரை நிரப்பி, தழையால் மூடி வைத்து, அடுத்த நாள் காலையில் பார்த்தால் பெரும்பகுதி நீர் அப்படியே நிற்க வேண்டும். நின்றால் அவ்விடத்தில் குட்டை வெட்டலாம்.

மூன்றாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆனால் களிமண்ணுக்கு இதுவே மிக முக்கியமானது. காய்ந்த மண்ணிலிருந்து பட்டாணி அளவு கட்டிகள் சிலவற்றை எடுத்து, கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் மெல்ல இட்டு, அசைக்காமல் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்து அடியில் கிடந்து, நீர் தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் நிறம் பரவினால், அம்மண் நீரில் கரையும் இயல்புடைய களர் மண் ஆகும். அத்தகைய மண்ணால் போட்ட கரையில் நீர் சிறு துளையாகப் புகுந்து, சில நாட்களில் அதைக் குழாய் போல் ஆக்கிக் கரையை உடைத்துவிடும். அத்தகைய இடத்தில் கரை உயர்த்தி நீர் தேக்காமல், நிலமட்டத்துக்குக் கீழேயே நீர் நிற்கும்படி வெட்டுவது நலம். மண் பரிசோதனை நிலையத்தார் சொல்லும் அளவில் ஜிப்சம் கலந்து கெட்டிப்படுத்துவதும் பயன் தரும்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். களிமண் குட்டையினால் பக்கத்துக் கிணற்றில் நீர் ஏறும் என்று எதிர்பார்ப்பது தவறு. களி நீரைக் கீழே விடாது; அதனால்தான் குட்டையில் நீர் நிற்கிறது. கிணற்றுக்கு ஊற்றுப் பெருக வேண்டுமானால், செம்மண் சரளை நிலத்தில் கசிவுக் குட்டை அமைக்க வேண்டும். தேக்கி இறைக்க வேண்டுமானால் களிமண் நிலமே ஏற்றது. இரண்டையும் ஒரே குட்டையில் பெற முயல்வோர் இரண்டிலும் ஏமாற்றம் அடைவர்.

இடம் தெரிதல்

நிலத்தின் தாழ்ந்த பகுதியே குட்டைக்கு உரிய இடம் என்றாலும், இயற்கை ஓடையின் நடுவில் குட்டை வெட்டலாகாது. ஓடையில் வரும் வெள்ளத்தைச் சிறு குட்டை தாங்காது. ஓடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி, தன் வயலின் நீரை மட்டும் வாங்குமாறு அமைப்பது அறிவுடைமை. மாட்டுக் கொட்டிலின் கழிவு நீரும், பூச்சி மருந்து கரைக்கும் இடத்து நீரும் குட்டைக்கு வரலாகாது. பக்கத்து நிலத்துக்காரரின் வரப்பிலிருந்து போதிய தூரம் விட வேண்டும். களியில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு சரியுமானால் அவர் வரப்பும் உடன் சரியும். மரக்காணம் பக்கத்தில் ஆழமாக வெட்டினால் உவர் நீர் ஊறிக் குட்டை நீரைக் கெடுத்துவிடக் கூடும். அங்கே ஆழத்தைக் குறைத்துப் பரப்பை மிகுத்துக் கொள்ளலாம்.

அளவும் கணக்கும்

இரண்டரை ஏக்கர் நிலமுடைய ஒரு விவசாயியை எடுத்துக் கொள்வோம். அவர் 10 சென்ட் பரப்பில், அதாவது மேல் விளிம்பில் 66 அடிக்கு 66 அடி என்ற அளவில், 10 அடி ஆழத்துக்குக் குட்டை வெட்டுகிறார் என்க. களிமண்ணில் பக்கங்களைச் செங்குத்தாக வெட்டலாகாது. நீர் இறங்கும்போது நனைந்த மண்ணின் பாரம் தாங்காமல் பக்கம் சரிந்து விழும். ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி என்ற கணக்கில் சாய்வு விட வேண்டும். அப்படி விட்டால் குட்டையின் அடித்தளம் 36 அடிக்கு 36 அடியாக அமையும்.

இதன் கொள்ளளவைக் காணும் வழி இது. மேற்பரப்பு 4,356 சதுர அடி. நடு ஆழத்தில் பரப்பு 51 அடிக்கு 51 அடி, அதாவது 2,601 சதுர அடி. அடிப்பரப்பு 1,296 சதுர அடி. நடுப்பரப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்க வேண்டும். விடை 26,760 கன அடி. ஏறத்தாழ ஏழரை லட்சம் லிட்டர்.

இவ்வளவு நீர் வருமா என்று கேட்கலாம். இரண்டரை ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் 9,075 கன அடி நீர் விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கே குட்டைக்கு ஓடி வருவதாகக் கொண்டாலும், பருவத்தில் 15 அங்குல மழை பெய்தால் குட்டை நிரம்பிவிடும். களிமண் நிலத்தில் ஓட்டம் இதனினும் மிகுதியாகவே இருக்கும்.

நிரம்பிய நீர் முழுவதும் பயிருக்குக் கிடைப்பதில்லை. வெயிலில் ஆவியாவதும் ஓரளவு கசிவதும் உண்டு. இரண்டு மாதத்தில் நான்கில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்று வைத்துக் கொண்டாலும் 20,000 கன அடி எஞ்சும். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்ச 7,260 கன அடி வேண்டும். ஆகவே, இக்குட்டை இரண்டரை ஏக்கருக்கு ஒரு தண்ணீர் கொடுக்கும். அல்லது ஓர் ஏக்கருக்கு இரண்டு தண்ணீர் கொடுத்து, மீன் வளர்க்கவும் சிறிது மிச்சம் வைக்கும். இதற்கு மேல் எதிர்பார்ப்பது கணக்குக்கு மாறானது. கரும்புக்கு ஆண்டு முழுதும் குட்டையை நம்பலாகாது. கடைசி ஒரு தண்ணீர் இல்லாமல் கருகும் பயிரைக் காப்பதே குட்டையின் கடமை.

வெட்டும் முறை

களிமண் நிலத்தில் வேலைக்குரிய காலம் குறுகியது. மழைக்காலத்தில் பொக்லைன் இயந்திரம் சேற்றில் புதையும். சித்திரை வைகாசியிலோ மண் கல்லைப் போல் இறுகிக் கிடக்கும். மாசி, பங்குனி மாதங்களில் மேல்மண் உலர்ந்து, உள்மண்ணில் சற்று ஈரம் எஞ்சியிருக்கும். அதுவே வெட்டுவதற்கும் கெட்டிப்படுத்துவதற்கும் தக்க தருணம்.

முதலில் மேல்மண்ணை ஓர் அடி அளவுக்கு எடுத்துத் தனியே குவித்து வைக்க வேண்டும். பயிர் விளைவது அம்மண்ணில்தான். அதனைக் குட்டையின் அடிமண்ணோடு கலந்து வயலில் பரப்பினால் வயல் கெடும். பின்னர் நான்கு மூலைகளிலும் முளையடித்து, கயிறு கட்டி, படிப்படியாக உள்ளே இறங்கி, கடைசியில் படிகளைச் சீவிச் சாய்வாக்கிக் கொள்ளலாம். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது பெருந்தவறு. அதன் பாரமே பக்கத்தைச் சரிக்கப் போதுமானது. விளிம்புக்கும் மண்மேட்டுக்கும் இடையில் குறைந்தது ஐந்தடி வெறுமையாக இருக்க வேண்டும்.

கரை போடுவதாயின், அது நிற்கும் இடத்தில் உள்ள புல்லையும் வேரையும் நீக்கி, தரையைக் கொத்திவிட்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு படலமாக மண்ணைப் பரப்பி, ஒவ்வொரு படலத்தையும் திம்சுக் கட்டையால் இடித்தோ உருளை ஓட்டியோ கெட்டிப்படுத்த வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவும், விரலில் ஒட்டாமல் இருக்கவும் வேண்டிய அளவே ஈரம். உலர்ந்த களிக்கட்டிகளை அப்படியே கொட்டி உயர்த்திய கரை, பார்வைக்கு மலை போல் தோன்றினாலும், கட்டிகளுக்கு இடையில் உள்ள சந்துகளின் வழியே முதல் மழையிலேயே நீரைக் கசியவிடும்.

சோதனையில் தப்பி எங்கேனும் மணற்கோடு தென்பட்டால், அவ்விடத்தை ஓர் அடி தோண்டி எடுத்துவிட்டு, நல்ல களியை நனைத்து மிதித்து நிரப்ப வேண்டும். களி போதாத விவசாயிகள், ஏரிகளில் வண்டலும் களியும் கட்டணமின்றி எடுத்துக் கொள்ளத் தமிழ்நாடு அரசு அளித்துள்ள வசதியைப் பயன்படுத்தலாம். 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே இதற்கு அனுமதி பெற வழி செய்யப்பட்டது.

நீர் உள்ளே வரும் வாயில், மூன்றடிச் சதுரத்தில் ஒரு வண்டல் குழி அமைத்து, அதைத் தாண்டி நீர் இறங்கும் சரிவில் கல் பதிக்க வேண்டும். வண்டல் குழியில் சேரும் மண்ணை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வாரி வயலில் இடலாம். இதைச் செய்யாத குட்டை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தூர்ந்து போகும்.

கலங்கல் இல்லாத குட்டை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. அதனை ஒட்டி, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள மயிலத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழையில் பாதி ஒரே நாளில் பெய்தது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரை புரண்டன. வயல்கள் மூழ்கின, வீடுகள் இடிந்தன, சாலைகள் அறுபட்டன. அந்நாட்களை இம்மாவட்டத்து மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

அந்த மழையை நாம் மேலே கண்ட குட்டையோடு வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். 50 சென்டிமீட்டர் என்பது 20 அங்குலம். இரண்டரை ஏக்கரில் அன்று விழுந்திருக்கக் கூடிய நீர் 1,81,500 கன அடி. குட்டையின் கொள்ளளவு 26,760 கன அடிதான். குட்டை காலியாக இருந்திருந்தாலும், அதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு நீர் அந்நிலத்தில் விழுந்திருக்கும். ஊறிய களி மேலும் குடிக்காது. ஆதலின் அதில் பெரும்பகுதி ஓடத்தான் வேண்டும். நாம் வழி வைக்காவிட்டால் நீர் தானே வழி தேடிக் கொள்ளும். கரையின் தாழ்ந்த இடத்தில் ஏறி, ஒரு மணி நேரத்தில் கரையை அறுத்து, தேங்கிய நீரோடு மண்ணையும் சேர்த்துக் கீழ் வயல்காரரின் நாற்றின்மேல் கொண்டு போய்க் கொட்டும்.

இதற்குப் பரிகாரம் கலங்கல். மணிக்கு நான்கு அங்குல வேகத்தில் மழை ஊற்றினால், இரண்டரை ஏக்கரிலிருந்து விநாடிக்குப் பத்து கன அடி நீர் வரக் கூடும். எட்டடி அகலமுள்ள கலங்கலில் முக்காலடிக்குட்பட்ட உயரத்தில் இந்நீர் அமைதியாகக் கடந்து போகும். ஆகவே, இவ்வளவு நிலத்துக்கு எட்டடி அகலம் வேண்டும். கரையின் தலை கலங்கலின் தளத்தைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். கலங்கல் அகன்றும் ஆழமின்றியும் இருப்பதே நன்று. குறுகி ஆழ்ந்த கலங்கல் நீரின் வேகத்தைக் கூட்டி, மண்ணை அரிக்கும். அதன் தளத்தில் கல் பதித்து, அதற்கப்பால் நீர் செல்லும் தடத்தில் அருகம்புல்லோ வெட்டிவேரோ வளர்க்க வேண்டும். புதிதாகப் போட்ட கரையின்மேல் கலங்கல் அமையலாகாது; அசையாத பழைய நிலத்தை வெட்டியே அமைக்க வேண்டும். அத்தடம் இயற்கை ஓடையிலோ ஊர் வடிகாலிலோ சென்று சேர வேண்டும். மற்றொருவர் வயலில் முடியலாகாது.

வெடிப்பும் பராமரிப்பும்

மழைக்கு அடுத்தபடியாகக் களிமண் குட்டைக்குப் பகை கோடை. நீர் முற்றும் வற்றினால் அடித்தளம் வெடிக்கும். அவ்வெடிப்பு சில நேரங்களில் களிப் படலத்தைக் கடந்து கீழே செல்லும். அடுத்த பருவத்தின் முதல் நீர் அதன் வழியே ஒழுகிய பிறகே மண் ஊதி மூடிக் கொள்ளும். ஆகையால் குட்டையை முற்றும் வற்ற விடாமல், ஒன்றிரண்டு அடி நீரை அடியில் விட்டு வைப்பது நல்லது. வற்றிவிட்டால், ஆடி ஆவணியில் விழும் முதல் மழையின் ஈரத்தோடு அடித்தளத்தைக் கொத்தி, ஆட்டையோ மாட்டையோ ஓட்டி மிதிக்கச் செய்து, வெடிப்புகளை அடைத்துவிட வேண்டும்.

கரையின்மேல் மரம் வைக்கலாகாது. மரத்தின் வேர் கரையைத் துளைக்கும். மரம் பட்டபின் வேர் மக்கி, அவ்விடம் நீர் ஓடும் குழாய் ஆகும். சீமைக் கருவேல் முளைத்தால் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். நண்டு வளையும் எலி வளையும் உண்டா என்று ஐப்பசிக்கு முன் ஒருமுறை கரையைச் சுற்றிப் பார்த்து அடைக்க வேண்டும்.

எதற்கு இறைப்பது?

குட்டை நீர் அரிதான நீர். அதனைப் பயிரின் மிக நெருக்கடியான பருவத்துக்கே செலவிட வேண்டும். சம்பா நெல் தை மாதத்தில் பால் பிடிக்கும் வேளையில் மழை ஓய்ந்து போனால், ஒரு தண்ணீர் விளைச்சலைக் காக்கும். நெல்லுக்குப்பின் விதைக்கும் உளுந்துக்குப் பூவும் பிஞ்சும் தோன்றும் போது ஒரு தண்ணீர் போதும்.

குட்டைக்கு அருகில் செம்மண் நிலம் உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்து நிலக்கடலைக்கு இந்நீரைக் கொண்டு செல்லலாம். நிலக்கடலைக்குத் திண்டிவனம் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. வகைகளின் பெயரிலுள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிப்பன. அப்பயிரில் விழுது இறங்கும் பருவமும் காய் பிடிக்கும் பருவமும் நீருக்கு ஏங்கும் பருவங்கள். தெளிப்பு நீர்க் கருவி கொண்டு பாய்ச்சினால் அதே நீர் கூடுதல் பரப்புக்கு எட்டும்.

ஆறு மாதம் நான்கடி நீர் நிற்கும் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மீன் குஞ்சுகளை விடலாம். பத்து சென்ட் பரப்புக்கு இருநூறு குஞ்சுகள் அளவானவை.

பஞ்சாயத்தின் பொறுப்பு

குட்டை தனியார் நிலத்தில் அமைவதாயினும், அதன் விளைவு ஊர் முழுமைக்கும் உரியது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூன்று காரியங்களில் கருத்துச் செலுத்த வேண்டும்.

முதலாவது, ஏரியின் பங்கு. ஓர் ஊரில் ஏரிக்கு மேற்புறத்தில் ஐம்பது குட்டைகள் வெட்டப்படுமாயின், அவை 13 லட்சம் கன அடிக்கு மேல் நீரைப் பிடித்துக் கொள்ளும். ஏரியின் கொள்ளளவு 50 லட்சம் கன அடி என்றால், அது நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டதாகும். மேட்டு நிலத்தார் குட்டையால் பிழைக்க, ஆயக்கட்டுக்காரர் ஏரி நிரம்பாமல் தவிப்பது நீதியாகாது. வரத்து வாய்க்காலை மறித்துக் குட்டை வெட்டுவதை எவருக்கும் அனுமதிக்கலாகாது. ஏரிப் புறம்போக்கைக் காப்பதற்கென்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே இம்மாவட்டத்தின் 13 ஒன்றியங்களிலும், குட்டைத் திட்டத்தையும் ஏரியின் வரத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிறு விவசாயியின் பங்கு. இரண்டரை ஏக்கர் உடையவர் கரையும் இடைவெளியும் சேர்த்து 15 சென்ட் நிலத்தைக் குட்டைக்குக் கொடுக்க இயலும். ஓர் ஏக்கர் மட்டுமே உடையவருக்கு அது பெரிய இழப்பு. இத்தகையோர் இருவர் மூவர் சேர்ந்து, தங்கள் எல்லை கூடும் தாழ்வான மூலையில் ஒரே குட்டையை வெட்டிக் கொள்ளலாம். நீர் முறையையும் பராமரிப்புச் செலவையும் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் வரையறுத்து, பஞ்சாயத்தின் முன்னிலையில் கையொப்பமிட்டுக் கொள்வது பின்னர் வரும் பிணக்கைத் தவிர்க்கும்.

மூன்றாவது, உயிர்க் காப்பு. நனைந்த களிச் சரிவு வழுக்கும் தன்மையுடையது. அதில் கால் தவறிய சிறுவர், நீந்தத் தெரிந்தவராயினும், பிடிப்பின்றி மேலேற இயலாமல் போகலாம். நீர் நிற்கும் குட்டை பள்ளிப் பிள்ளைகளின் கண்ணை ஈர்க்கும். குட்டையைச் சுற்றி முள்வேலி இடுவதும், ஒரு பக்கத்தில் கல் படிகள் அமைப்பதும், முளையில் கட்டிய கயிறு ஒன்றை நீரினுள் தொங்க விடுவதும் மிகச் சிறு செலவு. இவை இல்லாத குட்டையை முடிந்த வேலையாகப் பஞ்சாயத்து ஏற்கலாகாது. ஒரு பயிர் காய்ந்தால் அடுத்த பட்டத்தில் ஈடு செய்யலாம். ஒரு குழந்தையை இழந்தால் ஈடு ஏது?

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ்த் தமிழகக் கிராமங்களில் பண்ணைக் குட்டைகள் பல வெட்டப்பட்டன. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய அமிர்த நீர்நிலைத் திட்டத்தின்கீழ் ஓர் ஏக்கருக்குக் குறையாத பொதுக் குளங்கள் மாவட்டத்துக்கு 75 என்ற கணக்கில் எடுத்துக் கொள்ளப்பட்டன. திட்டங்களும் மானிய அளவுகளும் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின், வேலை தொடங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தையும் அணுகி, நடப்பிலுள்ள உதவியைக் கேட்டறிய வேண்டும். மட்டம் பார்த்தல், சாய்வு குறித்தல், கலங்கலின் அகலம் கணித்தல் ஆகியவற்றுக்குப் பொறியாளரின் ஆலோசனை பெறுவது விவசாயியின் பணத்தை மிச்சப்படுத்தும்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் நாள் நம் கிராம சபை கூடுகிறது. அது பங்குனி மாதம். களிமண்ணில் வேலை செய்வதற்கு ஏற்ற மாதம். அன்றைய கூட்டத்தில் ஊரின் மண் எங்கெங்கே எப்படி உள்ளது, எவர் நிலத்தில் குட்டை தகும், மிகை நீர் எவ்வழியே போகும் என்பவற்றைப் பேசி முடிவு செய்தால், ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிந்துவிடும். குட்டையில் நிற்கும் நீரைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆயினும் குட்டையின் தரத்தை அறிய விரும்புவோர் அது நிரம்பிய நாளுக்கு மறுநாள் சென்று பார்க்க வேண்டும். மேலும் பெய்த மழை கலங்கலின் வழியே தெளிவாகச் சென்று, கரை சிதையாமல், கீழ் வயல்காரரின் நாற்று நிமிர்ந்து நிற்குமானால், அதுவே முறையாக வெட்டிய குட்டை.